சித்தப்பாவின் கேள்வி

என் சித்தப்பாவின் வலக்கால் இடக்காலைவிட மூன்று விரற்கடை குட்டை. முழங்காலுக்குக் கீழே சதைப்பிடிப்பே இல்லை. நடக்கும்போது வலக்கையை வலத்தொடையின்மேல் ஊன்றி, உடலைச் சாய்த்து, பின் நிமிர்ந்து, அடுத்த அடியை வைப்பார். சிறு வயதில் அதை ஒரு குறையாக நான் எண்ணியதில்லை. மற்றவர்கள் நடப்பது ஒரு விதம். சித்தப்பா நடப்பது ஒரு விதம். சந்தின் முனையில் அவர் காலடி ஓசை கேட்டதுமே நாங்கள் ஓடுவோம். அவர் சட்டைப்பையில் எங்களுக்குக் கடலை மிட்டாய் இருக்கும்.

மன்ற மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் குழு நண்பர் விடுதி வாயிலில் என்னை மறித்துக்கொண்டார். "அறிவியலாக இருக்கட்டும், ஆனால் கணக்குப் படிப்பவருக்கும் வரலாறு படிப்பவருக்கும் விளங்கட்டும்" என்பது அவர் கட்டளை. நான் படிப்பது வைரஸ் பற்றிய துறை. ஒரு வைரஸ் ஏன் ஓர் உயிரினத்தைப் பிடிக்கிறது, அடுத்ததை விட்டுவிடுகிறது என்பதே இரண்டு ஆண்டுகளாக என் பாடம். அதையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுதச் சித்தப்பா வந்து குறுக்கே நின்றார். சென்ற பொங்கல் விடுமுறையில் அவர் என்னை ஒரு கேள்வி கேட்டார். அதை ஒதுக்கிவிட்டு இந்தப் பொருளைப் பற்றி என்னால் எழுத இயலவில்லை. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்தது தாத்தா காலத்தில். தாராவித் தோல் கிடங்குகளில் வேலை கிடைக்கிறது என்று ஊரார் பலர் வந்தனர். அவர்களோடு அவரும் வந்தார். அப்பா பிறந்தது 1966-இல், சித்தப்பா 1968-இல். ஒற்றை அறை, தெருக்குழாயில் தண்ணீர், நூறு வீட்டுக்குப் பொதுவான கழிப்பிடம். 1970-இன் மழைக்காலத்தில் சித்தப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு நாள் பார்த்துவிட்டு, ஆச்சி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தெருக்கோடியில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த ஒரு கம்பவுண்டரிடம் போனாள். அவர் வலப்பக்கத்து இடுப்பில் ஊசி போட்டார். மறுநாள் விடிந்ததும் பிள்ளையை எழுப்பி நிறுத்தினால், வலக்கால் துணிபோல் மடங்கிற்று.

'ஊசிதான் காலைக் கொண்டுபோய்விட்டது' என்றது தெரு. பெரிய ஆஸ்பத்திரி டாக்டரோ, "ஊசிக்கும் இதற்கும் தொடர்பில்லை அம்மா. இது இளம்பிள்ளை வாதம். அந்தக் காய்ச்சலே அதுதான்" என்று சொல்லி அனுப்பினார். அந்த வாக்கியத்தை ஆச்சி அப்படியே மனப்பாடமாக வைத்திருந்தாள். யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், 'ஊசிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு' என்பாள். நான் பள்ளியில் படித்த நாளில் இதை நூறு முறையாவது கேட்டிருப்பேன்.

இது நிற்க. பாடத்துக்கு வருவோம்.

வைரஸுக்குக் காலில்லை, கண்ணில்லை, பசியில்லை. அது யாரையும் தேடிப் போவதில்லை. நீரோடும் விரலோடும் மூச்சோடும் அடித்துச் செல்லப்பட்டு, மோதுகிற இடத்தில் மோதுகிறது. போலியோ வைரஸின் குறுக்களவு ஏறத்தாழ 30 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 33,000 வைரஸ்களை வரிசையாக நிறுத்தலாம். உள்ளே ஆர்.என்.ஏ. என்னும் இழை ஒன்று. அதில் ஏறத்தாழ 7,500 எழுத்துகள். வெளியே புரத ஓடு. அவ்வளவுதான் அதன் சொத்து. இழை உயிருள்ள ஒரு செல்லுக்குள் போய்விட்டால், அந்தச் செல்லின் கருவிகளைக் கொண்டே தன்னைப் படியெடுத்துக்கொள்ளும். போகாவிட்டால் அது வெறும் தூசிக்குச் சமம்.

ஆகவே முழுச் சிக்கலும் வாசலில்தான். செல்லின் மேற்புறத்தில் பலவகைப் புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. உணவை வாங்க ஒன்று, செய்தி கேட்க ஒன்று, பக்கத்துச் செல்லின் கையைப் பிடித்துக்கொள்ள ஒன்று என்று ஒவ்வொன்றும் செல்லின் சொந்த வேலைக்காக அமைந்தது. அவற்றுள் ஏதோ ஒன்றின் வடிவம் ஒரு வைரஸின் ஓட்டிலுள்ள பள்ளத்தோடு பொருந்திவிட்டால், அந்தப் புரதம் அந்த வைரஸுக்கு ஏற்பி ஆகிவிடுகிறது. 'ஏற்பி' என்ற சொல் எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை. செல் வைரஸை விரும்பி ஏற்பதுபோல் தொனிக்கிறது. வேறு சொல் கிடைக்காததால் நானும் அதையே எழுதுகிறேன்.

இந்த வாசற் சிக்கல் விளங்க அரை நூற்றாண்டு ஆயிற்று. இரத்த வகைகளைக் கண்டறிந்த அதே கார்ல் லான்ட்ஸ்டைனர், 1908-இல் வியன்னா நகரில், எர்வின் பாப்பர் என்பவரோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார். இளம்பிள்ளை வாதத்தால் இறந்த ஒரு சிறுவனின் தண்டுவடத்தை அரைத்து, முயலுக்கும் கினிப்பன்றிக்கும் எலிக்கும் செலுத்தினர். ஒன்றும் நேரவில்லை. இரண்டு குரங்குகளுக்குச் செலுத்தினர். இரண்டுக்கும் நோய் கண்டது. முயலை விட்டுவிட்டுக் குரங்கைப் பிடிப்பானேன்? விடை கூற அன்று யாருமில்லை. ஆனால் ஒன்று உறுதியாயிற்று. போலியோவை ஆராய வேண்டுமானால் குரங்கு வேண்டும்.

அந்தக் குரங்குகள் எங்கிருந்து போயின தெரியுமா? பெரும்பாலும் நம் நாட்டிலிருந்துதான். வட இந்தியக் கோயில் மதிலிலும் ரயில் நிலையக் கூரையிலும் உட்கார்ந்திருக்கும் செம்முகக் குரங்குகள், ஐம்பதுகளில் போலியோத் தடுப்பு மருந்துக்காக ஆயிரக்கணக்கில் அமெரிக்காவுக்குப் பறந்தன. 1978-இல் இந்தியா அந்த ஏற்றுமதியை அறவே நிறுத்தியது. உலகக் குழந்தைகளின் கால்களுக்காக அவை கொடுத்த விலையை எந்தத் தடுப்பூசி விழாவிலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

குரங்கு நமக்கு நெருங்கிய உறவுதான். ஆனாலும் குரங்கு குரங்கே. இதை மறந்ததால் ஒரு பெரும்பிழை நேர்ந்தது. நியூயார்க் ராக்பெல்லர் ஆய்வு நிலையத்தில் சைமன் பிளெக்ஸ்னர் செம்முகக் குரங்குகளின் மூக்கின் வழியே நோயை ஊட்டினார். அது எளிதில் தொற்றியது. ஆகவே மனிதனுக்கும் மூக்கின் வழியேதான் வருகிறது என்று பல்லாண்டுகள் பலரும் நம்பினர். 1937-இல் கனடாவின் டொரண்டோ நகரில் குழந்தைகளின் மூக்கினுள் துத்தநாக சல்பேட்டைத் தெளித்துக்கூடப் பார்த்தார்கள். நோய் குறையவில்லை, சில குழந்தைகளுக்கு மணம் அறியும் திறன் போயிற்று. உண்மையில் இந்த வைரஸ் நுழைவது வாய் வழியாக. பெருகுவது தொண்டையிலும் குடலிலும். மலத்தோடு வெளியேறி அடுத்தவர் வாய்க்குப் போகிறது. தெருக்குழாயும் பொதுக் கழிப்பிடமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்த எங்கள் சந்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த சோதனை. 1959-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஹாலண்ட், மெக்லாரன், சிவர்ட்டன் என்னும் மூவர் செய்தது. முதலில் அவர்கள் மனிதச் செல்களோடும் குரங்குச் செல்களோடும் போலியோ வைரஸைக் கலந்து பார்த்தனர்; வைரஸ் போய் ஒட்டிக்கொண்டது. குரங்கினம் அல்லாத விலங்குகளின் செல்களோடு கலந்தனர், ஒட்டவே இல்லை. சரி, ஒட்டாததுதான் காரணமா, அல்லது அந்த விலங்குகளின் செல்லுக்குள் வைரஸ் வளரவே முடியாதா? இதை எப்படிப் பிரித்தறிவது?

அவர்கள் செய்தது எளிது. பீனாலைக் கொண்டு வைரஸின் புரத ஓட்டை உரித்தெறிந்துவிட்டு, வெறும் ஆர்.என்.ஏ. இழையை மட்டும் எடுத்தனர். ஓடு இல்லையென்றால் ஏற்பியும் வேண்டியதில்லை. இழை எப்படியாவது உள்ளே புகுந்தால் போதும். அதை முயல், கோழி முதலியவற்றின் செல்களுக்குக் கொடுத்தனர். காலங்காலமாகப் போலியோவை அண்டவிடாத அந்தச் செல்கள் போலியோ வைரஸைச் செய்து தள்ளின! கருவிகள் எல்லாம் அங்கே இருந்தன. வாசல்தான் அடைத்திருந்தது.

இதன் பிற்பகுதிதான் அழகு. அந்தச் செல்லிலிருந்து வெளிவந்த புதிய வைரஸ்கள் முழு ஓடு போர்த்தவை. அவை பக்கத்திலிருந்த செல்லுக்குள் நுழைய முடியவில்லை. தாம் பிறந்த வீட்டுக்கு ஒப்பான அடுத்த வீடு. ஆனால் கதவு திறக்கவில்லை. ஒரு சுற்றோடு தொற்று நின்றுபோயிற்று. இதை முதன்முதலில் படித்த இரவு, விடுதி வராந்தாவில் தனியாக நடந்துகொண்டே இருந்தேன். அவர்களிடம் இருந்தது பீனாலும், கண்ணாடிக் குழாய்களும், நல்ல கேள்வி ஒன்றும்தான்.

அடைபட்ட அந்த வாசலின் பெயர் தெரிய மேலும் 30 ஆண்டுகள் பிடித்தன. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வின்சென்ட் ராகனியெல்லோவின் ஆய்வுக்கூடத்தில் கேத்தி மெண்டல்சன் மனித டி.என்.ஏ.வை எலியின் செல்களுக்குள் செலுத்தி, எந்தச் செல்லில் போலியோ வைரஸ் வந்து ஒட்டுகிறது என்று சலித்துச் சலித்துத் தேடினார். அதிலிருந்து ஏற்பியின் மரபணுவைப் பிரித்தெடுத்து 1989-இல் வெளியிட்டார்கள். இன்று அந்தப் புரதத்துக்கு சி.டி.155 என்று பெயர். பக்கத்துச் செல்லோடு ஒட்டிக்கொள்வதும், நோய் எதிர்ப்புச் செல்களோடு பேசுவதும் அதன் வேலை. எலிக்கும் அதற்கு ஒப்பான புரதம் உண்டு. ஆனால் அதன் வடிவம் போலியோ வைரஸின் பள்ளத்தில் பொருந்துவதில்லை. ஆய்வுக்கூடத்தில் எலிக்கென்று பழக்கப்படுத்திய ஒன்றிரண்டு வகைகள் நீங்கலாக, எலிக்குப் போலியோ வராததன் காரணம் இவ்வளவே. 1990-இல் மனித சி.டி.155 மரபணுவோடு எலிகளைப் பிறப்பித்தார்கள். அந்த எலிகளுக்குப் போலியோ வைரஸைச் செலுத்தியபோது அவற்றின் கால்கள் விழுந்தன.

ஒரே ஒரு புரதம்! முயலுக்கும் மனிதனுக்கும் நடுவே இருந்த அத்தனை உயரச் சுவரும் அதுதான்.

இது வெறும் ஆராய்ச்சிச் சுவை அன்று. மனிதனும், அவனுக்கு நெருங்கிய சில குரங்கினங்களும் தவிர வேறெதற்கும் இந்த வாசல் இல்லை. தான்சானியாவின் கோம்பே காட்டில் 1966-இல் சிம்பன்சிகளுக்கே இந்நோய் பரவியது உண்டு. ஆனால் காட்டுக் குரங்குக் கூட்டங்களில் இந்த வைரஸ் நிலைத்து வாழ்வதில்லை. பதுங்க வேறு விலங்கு இல்லாததால், மனிதக் குழந்தைகளைக் காப்பாற்றிவிட்டால் வைரஸுக்குப் போக்கிடம் இல்லை. ரேபிஸ் அப்படியன்று. சென்ற ஆண்டு நம் விடுதிச் சமையற்கட்டின் பின்னால் என் அறைத்தோழியை ஒரு நாய் கடித்துவிட்டது. அவளோடு ஊசிக்கு அலைந்த நாட்களில் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ரேபிஸ் வைரஸ் பிடித்துக்கொள்வது ஒன்றையல்ல, பலவற்றை. அவையும் பாலூட்டிகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பவை. நாயை விட்டால் நரி, நரியை விட்டால் கீரி, அதையும் விட்டால் வௌவால். அதை எங்கே போய் ஒழிப்பது?

வாசலை நம்பிக் காலாட்டிக்கொண்டிருக்கவும் முடியாது. 1978-இல் நாய்களிடையே புதியதொரு கொடிய பேதிநோய் தோன்றி, இரண்டே ஆண்டுகளில் உலகெங்கும் பரவியது. அது பூனை நோயாக இருந்த பார்வோ வைரஸின் வழிவந்தது. அதன் ஓட்டில் ஒரு சில அமினோ அமிலங்கள் மாறியதால், நாய்ச் செல்லில் இரும்பை வாங்குவதற்காக இருந்த ஒரு புரதத்தைப் பற்றிக்கொள்ளும் வல்லமை வந்துவிட்டது. நாய் மாறவில்லை, வைரஸ் மாறிற்று.

போலியோவைப் பொறுத்தவரை நமக்கு நல்லூழ். இந்தியாவில் கடைசியாக இயல்பான போலியோ வைரஸால் கால் விழுந்தது 2011 ஜனவரி 13 அன்று, மேற்கு வங்கத்து ஹவுரா மாவட்டத்துச் சிறுமி ஒருத்திக்கு. 2014 மார்ச் 27 அன்று நாம் போலியோ அற்ற நாடு என்று சான்று பெற்றோம். மூன்று வகைகளில் இரண்டு உலகிலிருந்தே போய்விட்டன. எஞ்சிய ஒன்று பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனி பொங்கல் விடுமுறைக்கு வருகிறேன்.

சித்தப்பாவுக்கு, கால் ஊனமுற்றவர் என்ற முறையில், தொண்ணூறுகளில் ஒரு தொலைபேசிச் சாவடி கிடைத்தது. 90 அடி சாலைப் பக்கம், மஞ்சள் எழுத்தில் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. என்று எழுதிய சிறு கூண்டு. ஊருக்குப் பேச வரிசையில் நின்றவர்களின் இழவும் திருமணமும் எல்லாம் அவர் காதில் விழுந்துதான் திருநெல்வேலிக்குப் போகும். கைப்பேசி வந்ததும் அது ஜெராக்ஸ் கடையாயிற்று. ரீசார்ஜ் கடையும் ஆயிற்று. போலியோ ஞாயிறுகளில் மட்டும் காலையில் கடை திறக்கமாட்டார். சந்திலுள்ள பிள்ளைகளைத் திரட்டிச் சொட்டு மருந்து முகாமுக்கு அழைத்துப் போவார். வரமாட்டேன் என்ற தாய்மாரிடம் ஒரு சொல்லும் பேசாமல் வேட்டியை முழங்கால்வரை தூக்கிக் காட்டுவார். என் இடக்கைச் சுண்டுவிரலில் மை வைத்த ஞாயிறுகளில் என்னைத் தூக்கி வைத்திருந்தவர் அவரே.

பொங்கலன்று மாலை கடையில் உட்கார்ந்து, மேலே எழுதியவற்றையெல்லாம் அவருக்குச் சொன்னேன். எனக்கு ஒரே பெருமிதம். கடை ஷட்டரின் பூட்டைக் காட்டி, "சித்தப்பா, இந்தப் பூட்டு மனுசங்ககிட்டதான் இருக்கு, அதனாலதான் மனுசங்களுக்கு வருது" என்று முடித்தேன். அவர் ஒரு ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டு, சில்லறையை எண்ணிப் பெட்டியில் போட்டுவிட்டு, நிதானமாகக் கேட்டார்:

"சரிம்மா. அந்தப் பூட்டு ஒங்க அப்பாகிட்டயும் இருந்துச்சுல்லா?"

எனக்குச் சட்டென்று விடை வரவில்லை. ஒரே வீடு, ஒரே குடத்துத் தண்ணீர், ஒரே தட்டில் சோறு. இரண்டே வயது வேறுபாடு. ஒருவர் இரண்டு காலோடு நடந்தார். ஒருவர் தொடையில் கையூன்றி நடந்தார். எலிக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்கிவிட்டேன். அவர் கேட்டதோ அண்ணனுக்கும் தம்பிக்கும் உள்ள வேறுபாட்டை.

தெரிந்ததைச் சொன்னேன். போலியோ வைரஸ் தொற்றிய 200 பேரில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான் வாதம் வரும். பெரும்பாலோருக்கு ஒன்றுமே தெரியாது. சிலருக்கு இரண்டு நாள் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. குடலில் பெருகி, இரத்தத்தில் ஏறி, அங்கிருந்து தண்டுவடத்தின் இயக்க நரம்புச் செல்களை எட்டினால்தான் கால் விழும். பூட்டு உடம்பில் பல உறுப்புகளில் இருக்கிறது; ஆனால் பூட்டு இருக்கும் இடமெல்லாம் வைரஸ் வெற்றி பெறுவதில்லை. பல உறுப்புகள் உடனே எதிர்த்து நிற்கின்றன.

"அப்பம் ஒங்க அப்பாவுக்கும் வந்துதான் போயிருக்கும்?"

"அப்படித்தான் இருக்கணும் சித்தப்பா. அந்தச் சந்துப் பிள்ளைங்க எல்லாருக்குமே வந்திருக்கும்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் கண்டு நாளாயிற்று. "அம்பத்தஞ்சு வருசமா எனக்கு மட்டுந்தான் வந்துச்சுன்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்" என்றார். அன்று இரவு சாப்பிடும்போது அப்பாவைப் பார்த்து, "யண்ணே, ஒனக்கும் போலியோதான் தெரியும்லா" என்று மறுபடி சிரித்தார். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆச்சி மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்தாள்.

ஞாயிறு மாலை டெக்கான் குயினில் புனேவுக்குத் திரும்பினேன். மறு வாரமே, 200-இல் அந்த ஒருவரைத் தீர்மானிப்பது எது என்று தேடத் தொடங்கினேன். அப்போதுதான் அந்த ஆய்வுரை அகப்பட்டது. 1998-இல் குரோமையர், விம்மர் என்னும் இருவர் எழுதியது. அவர்கள் எடுத்துக்கொண்டவை மனித ஏற்பி பொருத்திய அதே எலிகள். வைரஸ் உடலில் இருக்கும்போது அவற்றின் தசையில் ஊசியால் காயம் உண்டாக்கிப் பார்த்தனர். காயம்பட்ட தசையிலிருந்து வைரஸ் நரம்பு இழையின் வழியே பின்னோக்கி ஏறி, நேரே தண்டுவடத்துக்குப் போயிற்று. காயமில்லாத எலிகளைவிட அவற்றுக்கு வாதம் எளிதில் வந்தது.

ஊசி போட்ட அதே கால் விழுவதை 1950 வாக்கிலேயே மருத்துவர்கள் சிலர் கவனித்து எழுதியிருக்கிறார்கள். வைரஸை ஊசி கொண்டுவருவதில்லை. ஏற்கெனவே உடலில் உலவும் வைரஸுக்கு அது ஒரு குறுக்கு வழியைத் திறந்துவிடக்கூடும். போலியோ பரவியிருந்த நாடுகளில், தேவையில்லாமல் காய்ச்சலுக்குப் போட்ட ஊசிகளால் எத்தனையோ பிள்ளைகளுக்கு இப்படி நேர்ந்திருக்கிறது என்று அந்த ஆய்வுரையின் தொடக்கத்திலேயே எழுதியிருந்தது.

நூலகத்தில் அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன். நான் அழகென்று வியந்த அந்த எலி, என் ஆச்சியின் இடுப்பிலிருந்த பிள்ளையைப் பற்றிச் சாட்சி சொல்ல வந்து நின்றது. தெரு சொன்னது முழுப் பொய்யில்லை போலும். டாக்டர் சொன்னது முழு உண்மையில்லை போலும். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? சித்தப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "ஆச்சிகிட்ட சொல்லாதம்மா. அவ அந்த டாக்டர் பேச்சப் புடிச்சிட்டுதான் உக்காந்திருக்கா" என்றார்.

சொல்லக்கூடாது என்றே இருந்தேன். அடுத்த முறை வீட்டுக்குப் போனபோது, மதியம் யாருமில்லாத நேரத்தில், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே ஆச்சி அவளாகவே கேட்டாள்.

"ஏட்டி, நீ அந்த வியாதியத்தான் படிக்கேன்னு சித்தப்பன் சொன்னான். ஊசியினாலதானா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. உண்மை எது என்றால் அதுவும் என் கையில் இல்லை. 1970-இல் ஒரு பிள்ளைக்கு நேர்ந்ததை 1998-இன் எலியைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. காய்ச்சல் கண்ட அன்றே வைரஸ் தண்டுவடத்தை எட்டியிருக்கலாம். ஊசி இல்லாவிட்டாலும் அதே கால் விழுந்திருக்கலாம். இதைத்தான் சொன்னேன். "காய்ச்சல் போலியோதான் ஆச்சி. அது ஊசியினால வரல. ஆனா ஊசி போட்டதால அந்தக் காலுக்கு எறங்கியிருக்கவும் கூடும். போடாட்டாலும் போயிருக்கலாம். இத இனிமே யாராலும் சொல்ல முடியாது."

அவள் கை நிற்கவில்லை. காம்பு ஒருபுறமும் இலை ஒருபுறமுமாகப் பிரித்துப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"எனக்குத் தெரியும்ட்டி. ஊசி போட்டதும் அவன் அழுத அழுகை எனக்குத்தான தெரியும். டாக்டர் சொன்னத நான் எங்க நம்புனேன்? அந்தப் பய மனசுல, அம்மதான் நம்மளக் கொண்டுபோயி இப்படிப் பண்ணிட்டான்னு விழுந்துறக் கூடாதுன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

அவளுக்காகச் சித்தப்பாவும், சித்தப்பாவுக்காக அவளும் 55 ஆண்டுகளாக ஒரே வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இதை நான் அவரிடம் சொல்லவா என்று கேட்டேன். "சும்மா கெட" என்றாள். ஆகவே சொல்லவில்லை. இந்த மலர் தாராவிவரை போகாது என்ற துணிவில் இங்கே எழுதுகிறேன்.

சித்தப்பாவின் மகளுக்கு எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. அந்தப் போலியோ ஞாயிற்றில் நானும் வீட்டில் இருந்தேன். முகாமுக்குக் குழந்தையை நான்தான் தூக்குவேன் என்று ஆச்சி பிடிவாதம் பிடித்தாள். முழங்கால் வலியோடு அவள் ஒரு பக்கம் சாய்ந்து நடக்க, சித்தப்பா மறு பக்கம் சாய்ந்து நடக்க, நான் குடையோடு பின்னால் போனேன். மேசையருகே இருந்த பெண் மருந்துக்குப்பியைத் திறந்தாள். ஆச்சி குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு மராத்தியில் கேட்டாள், ஊசி இல்லையே, சொட்டுத்தானே என்று.

"சொட்டுத்தான் ஆஜி, இரண்டே சொட்டு" என்றாள் அந்தப் பெண்.